வியாபாரப் பிரயாணமும் விடுதி அறமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக் காலங் கழிக்கும் தமிழாசிரியராகிய யாம் விடுதித் தொழிலைப் பற்றிப் பேசப் புகுந்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். யாம் கடை வைத்து வாணிகம் செய்தவரல்லோம், விடுதி நடத்தினவருமல்லோம். ஆயினும் நமது காரியதரிசியவர்கள் இப்பொருளைக் குறித்தே பேசவேண்டுமென்று பணித்தார்கள். அதற்குக் காரணமுமுண்டு. சென்னையிலுள்ள நமது சங்க விடுதியின் 24 அறைகளையும் புதுப்பிக்கும் திட்டம் சென்ற இதழில் வெளிவந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வோர் அறைக்கும் குளிர்சாதனம், குளிக்க ஷவர், நாள்தோறும் இரண்டு புட்டித் தண்ணீர், சிறு சிறு சோப்பும் ஷாம்பூவும், இவற்றிற்கெல்லாம் போதிய நீர் வேண்டி மேலும் ஆழமாக ஓர் ஆழ்குழாய்க் கிணறு, இவையே அத்திட்டத்திற் கண்டவை. இவற்றைப் பற்றிப் பொதுக்குழு இன்று மாலை முடிவு செய்யவிருக்கின்றது. அம்முடிவுக்கு முன் நீங்கள் செவி சாய்க்கவேண்டிய சில செய்திகளை எடுத்துரைப்பதே எமது கருத்து. சொற்குற்றம் பொருட்குற்றம் காணின் பொறுத்தருள்வீர்களாக.

நம்மவருட் பெரும்பாலார் வியாபாரத்தால் வாழ்பவர். சரக்குக் கொள்முதலுக்கும், நிலுவை வசூலுக்கும், பொருட்காட்சிக்கும், கூட்டத்திற்குமென்று மாதத்திற் பத்து நாள் வெளியூரிலே கழிப்பவர் இவ்வவையிலேயே பலர் உளர். இன்பச் சுற்றுலாச் செல்வோன் ஆண்டிற்கு ஒருமுறை விடுதியிற் புகுவான்; வியாபாரப் பிரயாணியோ ஆண்டிற் பாதி நாள் அதனையே வீடாகக் கொள்கின்றான். ஆதலின் விடுதிகள் நீரையும் மின்சாரத்தையும் உணவையும் எவ்வாறு செலவிடுகின்றன என்னும் கேள்வி, பிறரைக் காட்டிலும் நமக்கே நெருங்கிய கேள்வியாம்.

திருக்குறளின் அதிகார வைப்பினை நாம் சிறிது நோக்குதல் நன்று. கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக, இரண்டாம் அதிகாரமாக நிற்பது வான்சிறப்பு. விருந்தோம்பலோ ஒன்பதாம் அதிகாரம். மழையை முன்னும் விருந்தைப் பின்னும் வைத்த இம்முறை யாது கருதியது? வானம் பொழிந்தாலன்றி உலையில் அரிசி வேகாது. வந்தவர்க்குக் கால் கழுவ நீருமிராது. நீரை அழித்து விருந்தை வளர்ப்பவன் வேரை வெட்டிக் கிளைக்கு நீர் விடுபவனை ஒப்பான். மாணாக்கர்க்குப் பன்முறை இவ்வைப்பு முறையைக் கூறி வந்த யாம், அதன் உண்மையை 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் கண்கூடாகக் கண்டோம். அதனை முதலிற் கூறுவோம்.

அம்மாதத்தில் எம் மைத்துனர் பாத்திரக் கொள்முதலுக்காகச் சென்னைக்குப் புறப்பட்டார். கணக்கு எழுத உதவியாக யாமும் உடன் சென்றோம். அப்பொழுது பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. அவற்றின் கொள்ளளவில் நூற்றிலொரு பங்கு நீரும் இல்லை. உண்டிச்சாலைகள் சில பகற்சாப்பாட்டை நிறுத்திவிட்டன. கணினித் தொழிற் கம்பெனிகள் தம் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அடுத்த மாதம் 12ஆம் தேதி ஜோலார்பேட்டையினின்று 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நாங்கள் தங்கிய விடுதி நடுத்தரமானது. அறை வாயிலில், “அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளித் தண்ணீர்” என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். குழாய்களில் ஒரு துளியும் வாராது. லாரியில் வந்த நீரை விடியற்காலையில் கீழ்த்தளத் தொட்டியில் நிரப்புவார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை அதனை வாளி வாளியாக மூன்றாம் மாடிக்குச் சுமந்து வந்து வைப்பான். முதல் நாள் யாம் குளித்து முடித்தபின், வாளியில் எஞ்சியிருந்த நீரை வழக்கம்போற் கவிழ்க்கப் போனோம். வாயிலில் நின்ற அப்பிள்ளை, “ஐயா, மிஞ்சின தண்ணியைக் கொட்டிடாதீங்க, தரை துடைக்க ஆகும்” என்றான். அவன் குரலிற் சினமில்லை, களைப்பே இருந்தது. அவ்வொரு சொல் எம்மைத் தலைகுனியச் செய்தது. யாம் கவிழ்க்கப் போந்த நீர் அவன் மூன்று மாடி ஏறிச் சுமந்த நீரன்றோ?

மூன்று நாள் அங்ஙனமே கழிந்தன. ஒரு வாளி நீரில் நன்றாகக் குளிக்கலாமென்பதையும், மறு வாளியில் ஏனைய தேவைகளை முடிக்கலாமென்பதையும் அறிந்தோம். எம் மைத்துனரின் வியாபாரத்திற்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. பின்னர் வடகிழக்குப் பருவமழை பெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் மறுமுறை அதே விடுதியில் தங்கினோம். வாயிலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்திருந்தார்கள். அடுத்த அறையில் ஷவர் அரைமணி நேரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்பிள்ளையைக் காணோம்; வேறு வேலைக்குப் போய்விட்டதாகக் கூறினர். பஞ்சத்திற் கற்ற பாடத்தை நாம் ஆறு மாதத்தில் மறந்துவிட்டோம். அம்மறதிக்கு மருந்து தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமென்று கொள்க.

இனி உலகெங்கும் விடுதித் தொழிலாளர் இவ்வகையிற் செய்துவரும் முயற்சிகளை ஆராய்வோம். முதற்கண் ஓர் அளவுக் கணக்கை மனத்திற் கொள்ளல் வேண்டும். உலகச் சுற்றுலா அமைப்பும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2005இல் மனிதரால் வெளியான கரியமில வாயுவில் நூற்றுக்கு 5 பங்கு பிரயாணத் தொழிலைச் சார்ந்தது. அவ்வைந்தில் முக்காற்பங்கு போக்குவரத்தினின்று வருவது. தங்குமிடங்களினின்று வருவது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. ஆகவே விடுதியில் ஒரு துண்டை இரு நாள் பயன்படுத்திவிட்டு, மாதம் நான்குமுறை ஆகாயவிமானம் ஏறுபவன் தான் பூமிக்கு நன்மை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் தவறாகும். இரண்டு பயணத்தை ஒன்றாக்குதலும், தொலைபேசியிலோ காணொளியிலோ முடியும் காரியத்திற்குப் பிரயாணம் செய்யாமையும், ரயில் செல்லும் ஊருக்கு ரயிலிற் செல்லுதலும் முதற் கடமைகள். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது எத்தனை பிரயாணங்கள் இன்றியே நம் வியாபாரம் நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். சென்னையினின்று பெங்களூர் வழியாக மைசூருக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் முதலானவை இருக்க, அவ்வழிக்கு விமானத்தை நாடுதல் எற்றுக்கு?

செல்லாமல் முடியாத பிரயாணத்திற்கு விடுதி வேண்டும். விடுதியின் செலவுகள் நீர், மின்சாரம், வீண் பொருள், உணவு என நான்கு வகைப்படும்.

முதலாவது நீர். சாதாரண ஷவர் நிமிஷத்திற்குப் பத்து லிட்டருக்குக் குறையாமற் பொழியும். பத்து நிமிஷக் குளிப்பு நூறு லிட்டரை விழுங்கும். 2019இல் எமக்கு அளித்த இரண்டு வாளியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய் வாயிற் காற்றைக் கலந்து விடும் சிறு வலைமூடி ஒன்றைப் பொருத்தினால் நீரின் செலவு பெரிதும் குறையும். கை கழுவுவோர்க்கு வேறுபாடே தோன்றாது. துண்டு, விரிப்புகளை நாள்தோறும் சலவைக்குப் போடாதிருத்தல் இரண்டாவது வழி. “துண்டை மாட்டி வைத்தால் மீண்டும் பயன்படுத்துவேன் என்று பொருள், கீழே போட்டால் மாற்றித் தருக என்று பொருள்” என்னும் அட்டையை உங்களிற் பலர் குளியலறைகளிற் கண்டிருப்பீர்கள்.

இவ்வட்டையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை மிகவும் சுவையுடையது. கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கேவிசியஸ் என்னும் மூவர் 2008இல் அதனை வெளியிட்டனர். ஒரு விடுதியின் சில அறைகளில், “சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள்” என்னும் வழக்கமான வேண்டுகோளை வைத்தார்கள். வேறு சில அறைகளில், “இங்குத் தங்கியோரிற் பெரும்பாலார் துண்டை மீண்டும் பயன்படுத்தினர்” என்னும் கருத்துள்ள அட்டையை வைத்தார்கள். முதல் வகை அறைகளில் நூற்றுக்கு 35 பேர் அளவிலும், இரண்டாம் வகையில் நூற்றுக்கு 44 பேர் அளவிலும் இணங்கினர். பிறிதொரு முறை, “இதே அறையில் தங்கியோர் அங்ஙனம் செய்தனர்” என்று எழுதியபொழுது இணங்கினோர் தொகை நூற்றுக்கு 49 ஆயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? மனிதன் உபதேசத்தைக் காட்டிலும் தன்னையொத்த அயலானின் நடக்கையையே பின்பற்றுகின்றான். நமது சங்க விடுதியில் தங்குவோர் எல்லாரும் உறவினரும் அறிமுகமானவரும் ஆதலின், அவ்வழி நமக்கு எளிதினும் எளிது. ஒருவர் தொடங்கினால் மற்றவர் தாமே தொடர்வர்.

ஆயினும் இவ்வட்டையிலும் ஒரு கள்ளம் புகுந்துண்டு. ஜே வெஸ்டர்வெல்ட் என்னும் அமெரிக்கர் பிஜித் தீவிலுள்ள ஓர் உல்லாச விடுதியில், பவளப்பாறைகளைக் காக்கத் துண்டை மீண்டும் பயன்படுத்துமாறு வேண்டும் அட்டையைக் கண்டார். அவ்விடுதியோ தன் கட்டிடத்தைத் தீவிலே பெருக்கிக்கொண்டிருந்தது. 1986இல் அவர் எழுதிய கட்டுரையில் இவ்வகைப் போலித்தனத்திற்கு இட்ட பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நாம் அதனைப் “பச்சைப் பூச்சு” என்னலாம். சுவர் உளுத்திருக்க மேலே சுண்ணாம்பு பூசுதல் போல்வது அது. விருந்தினனிடம் ஒரு துண்டை மிச்சம் பிடித்து, முற்றத்துப் புல்வெளிக்கு நாள் முழுதும் நீர் பாய்ச்சும் விடுதியை நம்பற்க.

இரண்டாவது வீண் பொருள். ஒரு முறை கை கழுவியபின் எறியப்படும் சோப்புத் துண்டு எங்கே போகின்றது என்று நம்முள் எவரேனும் எண்ணியதுண்டா? எண்ணிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஷான் சைப்ளர் என்னும் அவரும் நம்மைப்போல வியாபாரத்திற்காக ஊர் ஊராகச் சுற்றியவரே. விடுதிக்காரரைக் கேட்டபொழுது எல்லாம் குப்பைக்கே போகின்றது என்னும் விடை கிடைத்தது. 2009இல் ஆர்லாண்டோ நகரத்தில் ஒரு சிறு வண்டிக்கொட்டகையில் சுற்றத்தாரைக் கூட்டிக்கொண்டு, அச்சோப்புகளைச் சீவித் தூய்மை செய்து, உருக்கி மறுபடியும் கட்டியாக்கி ஏழை மக்களுக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். ‘கிளீன் தி வேர்ல்ட்’ என்பது அவ்வமைப்பின் பெயர். அறையிற் கிடந்த ஒரு பொருளைக் கண்டு ஒரு பிரயாணி கேட்ட ஒரு கேள்வியால் விளைந்த நன்மை இது.

சிறு பிளாஸ்டிக் புட்டிகளின் கதையும் இத்தகையதே. மாரியட் என்னும் பெரிய விடுதிக் கம்பெனி, சுவரிற் பொருத்திய பெரிய புட்டிகளுக்கு மாறுவதால் ஆண்டிற்கு 50 கோடி சிறு புட்டிகள் குப்பைக்குப் போகாமல் தடுக்கப்படுமென்று 2019இற் கூறிற்று. ஐ.எச்.ஜி. என்னும் கம்பெனியும் அவ்வாண்டிலேயே அவ்வாறு அறிவித்தது. கலிபோர்னியா மாநிலம் 2019இற் சட்டமே இயற்றி, 50 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளில் 2023 முதலும் ஏனையவற்றில் 2024 முதலும் அச்சிறு புட்டிகளை விலக்கிற்று. நமது தமிழ்நாட்டிலும் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் தேதியினின்று தடையுண்டு. நமது திட்டத்திற் கண்ட தண்ணீர்ப் புட்டிக் கணக்கையும் பார்ப்போம். அறைக்கு இரண்டாக 24 அறைக்கு நாளொன்றுக்கு 48 புட்டிகள். எல்லா அறைகளும் நிறைந்திருப்பின் ஓராண்டிற்கு 17,520 புட்டிகள்! ஒரு நல்ல வடிகட்டியும், மாடிதோறும் ஒரு பானையும், அறைதோறும் ஒரு செம்பும் வைத்தால் இத்தனை புட்டிகளும் வேண்டா. வந்தவர்க்குச் செம்பில் நீர் தருதல் நம் பாட்டன்மார் வீட்டு வழக்கமன்றோ? அதனை நாகரிகக் குறைவென்று எண்ணியது எந்நாள் தொட்டு?

மூன்றாவது மின்சாரம். விடுதிகளில் இதனை மிகுதியாக உண்பது குளிர்சாதனம். அதன் அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிஞ்சுமென்று மத்திய மின்சக்தி அமைச்சு 2018இற் கூறிற்று. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியோடு விற்கும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிற் தொடங்குமாறு அமைத்திருத்தல் வேண்டுமென்றும் விதித்தனர். நம்மவரோ அறையிற் புகுந்தவுடன் 18இல் வைத்து, பின்னர்க் குளிர் தாங்காமற் கம்பளியைப் போர்த்துக்கொள்கின்றனர். 18இலிருந்து 24க்கு உயர்த்தினால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சமாகும். பம்பாயில் விமான நிலையத்தின் அருகே, வியாபாரப் பிரயாணிகளுக்கென்றே விட்டல் காமத் அவர்கள் 1997இல் தொடங்கிய ‘ஆர்க்கிட்’ என்னும் விடுதியில் இதற்கு அழகிய உபாயம் ஒன்று செய்தனர். குளிர்சாதனத்தின் அருகே ஒரு பச்சைப் பொத்தானை வைத்தார்கள். விருந்தினர் தாமே விரும்பி அதனை அழுத்தினால் அறையின் வெப்பநிலை சிறிது உயரும். கட்டாயமில்லை, வற்புறுத்தலில்லை. அறம் விருந்தினர் கைவிரலிலே வைக்கப்பட்டது. சுற்றுச்சூழல் காப்புக்கான ‘எகோடெல்’ சான்று பெற்ற ஆசியாவின் முதல் ஐந்து நட்சத்திர விடுதியென்று அது பேர்பெற்றது.

நான்காவது உணவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் நூற்றுக்கு 28 பங்கு ஹோட்டல் முதலிய உண்டிச்சாலைகளைச் சார்ந்தது. வியாபாரக் கூட்டங்களில் ‘பஃபே’ என்று பெயரிட்டுப் பரப்பி வைக்கும் உணவை நாம் எவ்வாறு தட்டிற் குவித்துப் பாதியை எறிகின்றோம் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. நார்வே தேசத்து விடுதிகளில் நடந்த ஒரு சோதனை 2013இல் வெளிவந்தது. சில விடுதிகளில் தட்டைச் சிறிது குறுக்கினர். வேறு சிலவற்றில், எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் வந்து எடுத்துக்கொள்ளலாமென்று ஒரு பலகை வைத்தனர். இரண்டு வழியிலும் எறியப்படும் உணவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்தது. விருந்தினர் எவரும் மனம் வருந்தவில்லை. நம் வீட்டுப் பந்தியிற் சிறிது சிறிதாகப் பரிமாறி, “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்கும் தாய்மார்கள் இவ்வுண்மையை எக்காலத்தோ அறிந்தவர்கள்.

இம்முயற்சிகளை எல்லாம் ஒருசேரச் செய்து காட்டிய விடுதிக் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். சுவீடன் தேசத்தில் 1963இற் தொடங்கிய ஸ்காண்டிக் விடுதிகள், வியாபாரப் பிரயாணிகளைப் பெரிதும் நம்பியவை. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவை நஷ்டத்தில் ஆழ்ந்தன. அப்பொழுது தலைமை ஏற்ற ரோலண்ட் நில்ஸன் என்பார், கார்ல் ஹென்ரிக் ரோபேர்ட் என்னும் புற்றுநோய் மருத்துவர் 1989இல் நிறுவிய ‘நேச்சுரல் ஸ்டெப்’ என்னும் அமைப்பின் துணையை நாடினார். நஷ்டத்திலிருக்கும் வியாபாரி அறத்தைப் பேசுவானா என்று நீங்கள் கேட்கலாம். அவர் பேசியதோடு நில்லாமற் செய்தும் காட்டினார். எங்ஙனமெனின், மேலிருந்து கட்டளையிடுதலை விட்டு, அறை பெருக்குவோர் முதல் சமையற்காரர் ஈறாக ஊழியர் அனைவர்க்கும் இப்பொருளைக் கற்பித்து, என்ன மாற்றம் செய்யலாமென்று அவர்களையே கேட்டார். குப்பையை வகைபிரித்தலும், சிறு சோப்புக்குப் பதிலாகச் சுவரிற் பொருத்திய சோப்புக் கலங்களும், துண்டு அட்டையும், மரமும் கம்பளமும் மறுபடியும் பயன்படத்தக்கனவாக அமைத்த புதிய அறைகளும் அக்காலத்தில் வந்தன. 1999இல் வடதேசங்களின் ‘அன்னப்பறவை’ முத்திரையை விடுதிகளுக்கு வழங்கத் தொடங்கியபொழுது, அதனை முதன் முதலிற் பெற்ற விடுதியும் இவர்களுடையதே. நஷ்டத்தினின்றும் அவர்கள் மீண்டார்கள்.

இக்கதையில் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஊழியரின் இடம். குளியலறையில் எவ்வளவு நீர் வீணாகின்றதென்பதை முதலாளி அறியான். அறையைக் கழுவுபவனே அறிவான். 2019இல் எமக்குப் பாடம் கற்பித்தவனும் அத்தகையோன் ஒருவனே. அமெரிக்காவிலோ, “அறையைச் சுத்தம் செய்யவேண்டா என்று சொல்லும் விருந்தினர்க்குச் சலுகை” என்று சில கம்பெனிகள் ஏற்பாடு செய்தபொழுது, அறை பெருக்கும் பெண்களின் வேலை நேரம் குறைந்து கூலியும் குறைந்ததென்று தொழிலாளர் சங்கத்தார் முறையிட்டனர். பூமியின் பெயரைச் சொல்லி ஏழையின் கூலியைக் குறைத்தல் அறமாகாது. சலவையில் மிஞ்சும் பணத்தில் ஊழியர்க்குப் பங்குண்டு என்பது எமது துணிபு.

“இவை யெல்லாம் பெரிய கம்பெனிகளின் காரியம், 24 அறை விடுதிக்கு இவை எதற்கு?” என்று சிலர் கேட்பர். அவர்க்கு ஒரு விடை கூறுவோம். கம்பெனிகள் தம் கரியமில வாயுக் கணக்கை எழுதுவதற்கு 2011இல் வகுத்த உலக விதியில் ‘வியாபாரப் பிரயாணம்’ தனியொரு தலைப்பாக நிற்கின்றது. விடுதியில் ஒருவர் ஓரிரவு தங்கினால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகும் என்பதைக் கணக்கிடும் பொதுமுறையொன்றை 2012இல் பெரிய விடுதிக் கம்பெனிகள் கூடி வகுத்தன. நிலக்கரியால் மின்சாரம் உண்டாக்கும் நம் நாட்டில் இக்கணக்கு மிகுந்தே நிற்கும். வெளிநாட்டுக் கம்பெனிகளோடு வியாபாரம் செய்யும் நம் இளைஞரிடம் நாளை, “நீர் எங்கே தங்கினீர்? அதன் கணக்கு என்ன?” என்று கேட்பர். அப்பொழுது விழிப்பதினும் இப்பொழுதே கணக்கு வைத்தல் நன்று. பேரேடு எழுதுதலில் நம்மவர்க்கு ஒருவர் கற்பிக்கவேண்டுவதில்லை.

“பணம் கொடுத்துத் தங்குகின்றோம்; ஏன் குறைத்துக்கொள்ளவேண்டும்?” என்பார் மற்றொரு சாரார். பணம் அறைக்குக் கொடுத்தது. நிலத்தடி நீருக்கு விலை கொடுத்தவர் யாவர்? நாம் ஆழ்குழாய்க் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் அண்டை வீட்டாரின் கிணறு வற்றும். நாம் இரண்டு நாள் தங்கி ஊர் திரும்புவோம். அவர்கள் அங்கேயே வாழ்பவர்கள். வந்தவன் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க, ஊரான் குடத்தோடு லாரிக்குக் காத்திருத்தல் விருந்தின் நீதியாகாது.

ஆதலின் பொதுக்குழுவின் முன் யாம் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. புதிய ஆழ்குழாய்க் கிணற்றை இவ்வாண்டு நிறுத்தி வைத்து, மழைநீர்ச் சேகரிப்பைச் செப்பனிடுக. 2003இல் தமிழ்நாட்டிற் கட்டாயமாக்கிய அவ்வமைப்பு நமது விடுதியிலும் உண்டு. ஆனால் அதன் குழி மண்மூடிக் கிடப்பதை யாம் நேரிற் கண்டோம். மாடிதோறும் நீர்க்கணக்குக் கருவி ஒன்று வைத்து, மாதக் கணக்கை வாயிற் பலகையில் எழுதுக. ஷவரோடு வாளியும் செம்பும் வைத்திருக்க; வேண்டுவோர் வாளியிற் குளிக்கட்டும். வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கலம் அமைக்க. சிறு சோப்பும் புட்டித் தண்ணீரும் விலக்குக. குளிர்சாதனத்தை முதியோர்க்கும் நோயாளர்க்கும் வேண்டிய அறைகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வைக்க. சாவியட்டையை எடுத்தவுடன் அறையின் மின்சாரம் நிற்குமாறு செய்க. இவற்றைத் திட்டமிடும் குழுவில் விடுதி ஊழியர் இருவரைச் சேர்த்துக்கொள்க. இக்கடைசி வேண்டுகோளை ஏற்று ஏனையவற்றைத் தள்ளினும் எமக்கு வருத்தமில்லை. அவ்விருவரே பின்னர் ஏனையவற்றைக் கொண்டுவருவர்.

இளைஞர்காள்! நீங்கள் வெளியூரிற் தங்கும் விடுதி எவர் விடுதியாயினும், புறப்படுமுன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். விளக்கு அணைந்ததா, குழாய் மூடியதா, தட்டில் உணவு மிஞ்சிற்றா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷமே செல்லும். அறை பெருக்குபவரின் பெயரைக் கேட்டறிந்து நன்றி சொல்லுங்கள். எமக்கு நீர் சுமந்த பிள்ளையின் பெயரை யாம் கேட்கவில்லை. மூன்று நாள் அவன் நீரிற் குளித்தும் பெயர் கேளாத அக்குறை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. இவ்வவையில் அதனைச் சொல்லியதால் அது சிறிது ஆறும் என்று எண்ணுகின்றோம்.

தாய்மார்களே! பிரயாணத்திற்குப் பெட்டி கட்டுபவர் பெரும்பாலும் நீங்களே. அதில் ஒரு சோப்புப் பெட்டியையும், ஒரு துண்டையும், ஒரு தண்ணீர்ச் செம்பையும் சேர்த்து வையுங்கள். இன்று யாம் பேசியதிற் பாதி அதனாலேயே நிறைவேறிவிடும்.

 மாலைக் கூட்டத்தில் உங்கள் கை உயரும்பொழுது, அந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டை ஒருகால் நினைப்பீர்களாக.